தமிழ்க் கோப்புகளை ஒப்பிட ஒரு விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன்: அமைப்பு முதல் ரிலீஸ் வரை

விஎஸ் கோட் எடிட்டரில், இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் நல்ல டிஃப் திரை ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் ஒரு கோப்பை வலது கிளிக் செய்து ‘செலக்ட் ஃபார் கம்பேர்’, இன்னொன்றில் ‘கம்பேர் வித் செலக்டட்’. அவ்வளவுதான். அப்புறம் எதற்குத் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன்?

எங்கள் குழுவில் ஒரு செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுவதும், கீயும் அதற்குரிய மதிப்புமாக எழுதும் ஜேசான் கோப்புகளில் கிடக்கிறது. டெவலப்பர் ஒரு கருவியில் சேமிப்பார். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அக்கா வேறொரு கீபோர்டில் அடிப்பார். ஏற்றுமதி செய்யும் சர்வர் கீகளின் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும். டிஃப் திரையைத் திறந்தால் பாதி சிவப்பு, பாதி பச்சை. உண்மையில் மாறியிருப்பதோ ஓரிரண்டு சொற்றொடர்கள். “தம்பி, ரெண்டு வரியும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுல நான் என்ன பாக்கணும்?” என்று அக்கா கேட்டார். அதைவிடத் தெளிவான பக் ரிப்போர்ட் எனக்கு வந்ததில்லை.

அதற்காகக் கட்டியதை வைத்துத்தான் இந்த வழிகாட்டி. டைப்ஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், ஒரு ‘ஹலோ வேர்ல்ட்’ எக்ஸ்டென்ஷனாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே ரெப்போவில் மூன்று ஃபோல்டர்கள் போதும். வாசிப்பான்: பைட்டுகளை எடுத்து உரையாக்கித் தரும். மையம்: இரண்டு உரைகளை வாங்கி ஒரு திருத்தப் பட்டியலைத் திருப்பித் தரும். திரை: அந்தப் பட்டியலை எடிட்டருக்குள் காட்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. மைய ஃபோல்டருக்குள் ‘விஎஸ்கோட்’ மாட்யூலையோ நோடின் ஃபைல் சிஸ்டம் மாட்யூலையோ யாரும் இம்போர்ட் செய்யக்கூடாது. விதிமீறல்களைப் பிடிக்கும் இஎஸ்லின்ட்டில் ‘நோ ரெஸ்ட்ரிக்டட் இம்போர்ட்ஸ்’ விதியைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். சொல்லி வைத்தால் மட்டும் அவசர நாளில் யாராவது ஒருவர் மீறுவார். இந்தப் பிரிப்பின் பலன் ரிலீஸ் சமயத்தில்தான் தெரியும். அதே மையத்தைக் கமாண்ட் லைனிலும், சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ பைப்லைனிலும் ஒரு வரி மாற்றாமல் ஓட்டலாம்.

திருத்தப் பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஐந்து தகவல்கள்: வகை, இடதுபக்கத் தொடக்கம், இடது நீளம், வலதுபக்கத் தொடக்கம், வலது நீளம். நிறம், ஐகான், எச்டிஎம்எல் எதுவும் இங்கே வரக்கூடாது.

வாசிப்பான்

கோப்பைப் படிக்க விஎஸ் கோடின் ‘வொர்க்ஸ்பேஸ் எஃப்எஸ்’ ஏபிஐயைப் பயன்படுத்துங்கள். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் இருக்கும் கோப்பும் டபிள்யூஎஸ்எல், கன்டெய்னருக்குள் இருக்கும் கோப்பும் அதே அழைப்பில் வந்துவிடும். ஆனால் இந்த ஏபிஐ தருவது டிஸ்க்கில் இருப்பதை. பயனர் டேபில் திருத்திவிட்டுச் சேமிக்காமல் வைத்திருந்தால் பழைய உரையைத்தான் ஒப்பிடுவீர்கள். எனவே, திறந்திருக்கும் டாக்குமென்ட்டுகளில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் தேடி, இருந்தால் அதன் உரையை எடுங்கள். இல்லையென்றால் மட்டும் டிஸ்க்கிற்குப் போங்கள்.

பைட்டுகளை உரையாக்க டெக்ஸ்ட் டீகோடரை ‘ஃபேட்டல்’ விருப்பத்தோடு உருவாக்குங்கள். அது இல்லாவிட்டால், பிழையான யூடிஎஃப்-8 பைட்டுகள் சத்தமில்லாமல் கேள்விக்குறிக் கட்டங்களாக மாறிவிடும். இரண்டு வெவ்வேறு பிழைகள் ஒரே கட்டமாகி, ‘வேறுபாடு இல்லை’ என்றுகூட வரலாம். தமிழில் இது கற்பனை ஆபத்து இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய டிஸ்கி, பாமினி காலத்துக் கோப்புகள் இன்றும் ஏதாவது ஒரு ஃபோல்டரிலிருந்து எட்டிப் பார்க்கும். டிஸ்கி கோப்பு பெரும்பாலும் யூடிஎஃப்-8 சோதனையில் விழுந்துவிடும். ‘இது யூனிகோட் கோப்பு இல்லை’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். பாமினியில் அடித்தது வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால் சோதனையைத் தாண்டி வந்துவிடும். அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

பைனரி கோப்பா என்று பார்க்க, பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட் செய்வதையே செய்யுங்கள்: முதல் 8000 பைட்டுகளுக்குள் சுழி பைட் இருந்தால் பைனரி. வரி முடிவு விண்டோஸ் பாணியா லினக்ஸ் பாணியா என்பதையும், கடைசி வரியில் நியூலைன் இருக்கிறதா என்பதையும் தனிக் குறிப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, உரையை ஒரே பாணிக்கு மாற்றுங்கள்.

ஒரே எழுத்து, இரண்டு குறிமுறை

அக்காவின் கேள்விக்கான பதில் இங்கேதான். ‘கோப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ஓகாரக் குறிக்கு ஒற்றைக் குறியீடு உண்டு. அப்படி அடித்தால் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி: ஆறு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் தலா 3 வீதம் 18 பைட்டுகள். ஒரு சில கீபோர்டுகளும் மாற்றிகளும் அதே ஓகாரத்தை இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகப் போடும். அப்போது ஏழு குறியீடுகள், 21 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றேதான். டிஃப்புக்கு மட்டும் இரண்டும் வேறு.

இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே மருந்து இருக்கிறது: ஸ்ட்ரிங்கின் ‘நார்மலைஸ்’ முறையை ‘என்எஃப்சி’ வடிவத்தோடு கூப்பிட்டால் பிரிந்து கிடக்கும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒற்றைக் குறிகளாகிவிடும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் இதைச் செய்யுங்கள்.

ஆனால் என்எஃப்சி தொடாத ஒரு வகை உண்டு. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; யூனிகோட் கணக்கில் முற்றிலும் வேறு சொல். ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக்கிவிடு என்று ஒரு ரெஜெக்ஸ் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ‘கெளுத்தி மீன்’ என்று ஒரு சொல் வந்தால் அந்த ரெஜெக்ஸ் ளகரத்தைத் தின்றுவிட்டு உகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிடும். ஸ்ரீயும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கும் வடிவமும், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றையும் என்எஃப்சி ஒன்றாக்காது.

ஆகவே இரண்டு நிலைகள் வைத்தேன். என்எஃப்சியால் சமமாகிறவை ‘குறிமுறை வேறுபாடு’, அவற்றை மறைக்கலாம். தோற்றத்தில் மட்டும் ஒத்தவை ‘சந்தேகத்துக்குரியவை’. அவற்றை மஞ்சளில் காட்ட வேண்டும், தானாகத் திருத்தக்கூடாது. எதை மறைத்தாலும் எத்தனை மறைத்தோம் என்று ஸ்டேட்டஸ் பாரில் எண்ணிக்கை தெரிய வேண்டும், கிளிக் செய்தால் அந்த வரிகள் வர வேண்டும். சொல்லாமல் மறைக்கும் டிஃப் கருவியை நான் என் கணினியில் வைத்திருக்க மாட்டேன். விஎஸ் கோடே வரியின் முன்பின் வெற்றிடங்களை இயல்பாகப் புறக்கணிக்கும்படிதான் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பைதானும் யாமலும் எழுதுகிறவர்கள் ‘இக்னோர் ட்ரிம் வொயிட்ஸ்பேஸ்’ அமைப்பை உடனே அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது எழுத்து எல்லை. வரிக்குள் எந்தச் சொல் மாறியது என்று காட்ட, குறியீடு குறியீடாக ஒப்பிட்டால் ‘கி’ ‘கீ’ ஆனபோது மெய்யை விட்டுவிட்டு மேலிருக்கும் குறிக்கு மட்டும் நிறம் அடிப்பீர்கள். அந்தக் குறியைத் தனி ஸ்பானில் போட்டதும் எழுத்து உடைந்து, புள்ளி வட்டம் ஒன்று முளைக்கலாம். ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற வசதியால் உரையை முழு எழுத்துகளாக நறுக்கிவிட்டு ஒப்பிடுங்கள்; ‘கோப்பு’ அப்போது கோ, ப், பு என்று மூன்றாகும். செக்மென்டர் ‘க்ஷ’வை க், ஷ என்று இரண்டாகவும், ஸ்ரீயை ஸ், ரீ என்று இரண்டாகவும் நறுக்கும். தேவநாகரி, மலையாளம் போன்ற சில லிபிகளில் கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் விதியை யூனிகோட் 15.1இல் சேர்த்தார்கள், தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒட்ட ஐந்தாறு வரிக் கோடு நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

மையம்: எந்த வழிமுறை?

முதலில் ஒரு கேள்வி: உங்கள் கோப்பில் கீகள் இருக்கின்றனவா? மொழிபெயர்ப்பு ஜேசான் என்றால் டிஃப் அல்காரிதமே தேவையில்லை. அடுக்கடுக்கான கீகளைப் புள்ளி வைத்து ஒரே பாதையாக்கி (‘மெனு.கோப்பு.சேமி’ என்பது போல) இரண்டு மேப்களில் போடுங்கள். இடதில் மட்டும் உள்ளவை, வலதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் இருந்து மதிப்பு மாறியவை. இவ்வளவுதான் கணக்கு, வரிசை மாற்றம் எல்லாம் தானாகவே காணாமல் போகும். அரேக்களின் வரிசையை மட்டும் தொடாதீர்கள், அங்கே வரிசைக்குப் பொருள் உண்டு. கீகளை அடுக்க லொக்கேல் சார்ந்த ஒப்பீட்டையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கணினியிலும் சிஐ சர்வரிலும் வேறு வேறு வரிசை வந்து மண்டை காயும்.

பாகுபடுத்த ‘ஜேசான்.பார்ஸ்’ போதாது. ஒரே கீ இருமுறை வந்தால் அது முந்தியதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசியை வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள ‘ஜேசான்சி-பார்சர்’ ஒவ்வொரு கீயும் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தரும். பின்னால் ‘மூலத்துக்குப் போ’ பொத்தான் வைக்க அந்த இடக்குறிப்பு வேண்டும்.

சாதாரண உரைக்கும் நிரலுக்கும் வரி ஒப்பீடு தேவை. வரியை அலகாக வைக்கும் பழக்கம் 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்த டிஃப்பிலிருந்து தொடர்கிறது. இன்று பெரும்பாலான கருவிகளின் அடிப்படை யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட வழிமுறை. கிட்டின் இயல்பான தேர்வும் அதுதான். ஏன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். தலா 10,000 வரிகள் உள்ள இரண்டு கோப்புகளுக்குப் பாடப்புத்தகப் பாணியில் முழு அட்டவணை போட்டால் 10 கோடிக் கட்டங்கள். மையர்ஸ் வழியில் செலவு, மொத்த வரிகள் பெருக்கல் வேறுபாடுகள். நீக்கியவை, சேர்த்தவை எல்லாம் சேர்த்து 40 வரிகள்தான் என்றால் 20,000 பெருக்கல் 40, அதாவது சுமார் 8 லட்சம் படிகள். அன்றாடத்தில் நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் கொஞ்சமாக மாறிய கோப்புகளைத்தானே.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: இரண்டு கோப்புகளின் பொதுவான தலைப்பகுதியையும் வால்பகுதியையும் முதலில் வெட்டி எறியுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள், ஒரே வரிக்கு ஒரே எண்; அதன்பின் ஒப்பிடுவது எண்களை மட்டுமே. வந்த பாதையைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சுற்றின் நிலையையும் சேமிக்க வேண்டியிருக்கும். வேறுபாடு 1000 வரை என்றால் சுமார் 10 லட்சம் எண்கள், 4 எம்பி நினைவகம். அதைத் தாண்டினால் ‘இந்தப் பகுதி முழுக்க மாறியது’ என்று ஒரே கட்டமாகச் சொல்லிவிடுவது என் முடிவு. ஆயிரம் சிதறல்களைப் பொறுமையாகப் படிக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை.

மையர்ஸுக்கு ஒரு குணம் உண்டு: மிகக் குறுகிய திருத்தத்தைத் தேடும்போது, எங்கும் இருக்கும் மூடும் அடைப்புக்குறியையும் வெற்று வரியையும் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டது போல டிஃப் வரும். பிட்டொரண்ட்டை உருவாக்கிய பிராம் கோஹன் தந்த ‘பேஷன்ஸ்’ முறை, இரு கோப்பிலும் ஒரே ஒரு முறை வரும் வரிகளை முதலில் நங்கூரமாக வைக்கும். அவற்றின் இடைப்பட்ட பகுதிகளை மட்டும் பிறகு ஒப்பிடும். கிட்டில் உள்ள ‘ஹிஸ்டோகிராம்’ அதன் நீட்சி. நிரல் கோப்புகளுக்கு நான் நங்கூரம் வைத்து, இடைவெளிகளுக்குள் மையர்ஸை ஓட்டுகிறேன். உரைக் கோப்புகளுக்கு வெறும் மையர்ஸே நன்றாக இருக்கிறது.

திரை

இங்கே கையை அடக்கிக்கொள்ள வேண்டும். விஎஸ் கோடின் டிஃப் எடிட்டருக்குள் இருக்கும் கணக்கைப் பொது ஏபிஐ வழியாக மாற்ற முடியாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் உரை நம் கையில்தான் இருக்கிறது. ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட் கன்டென்ட் புரொவைடர்’ ஒன்றைப் பதிவுசெய்து, நமக்கென ஒரு முகவரி ஸ்கீமில் என்எஃப்சி ஆக்கிய இடது, வலது உரைகளைத் தந்து, ‘விஎஸ்கோட்.டிஃப்’ கமாண்டை அழையுங்கள். உரைக் கோப்புகளுக்கு இது போதும்; ஸ்க்ரோல், மினிமேப், அடுத்த மாற்றத்துக்குத் தாவும் விசை எல்லாம் இலவசம். முகவரியின் கடைசியில் அசல் கோப்புப் பெயரின் பின்னொட்டை (எக்ஸ்டென்ஷன்) வைத்திருங்கள், அப்போதுதான் சின்டாக்ஸ் நிறங்கள் வரும். இந்த மெய்நிகர் கோப்புகளைத் திருத்த முடியாது என்பதால் அசல் கோப்பின் அதே வரிக்குப் போக ஒரு கமாண்ட் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜேசானுக்கு, எடிட்டருக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவில் மூன்று பத்தி அட்டவணை போட்டோம்: கீ, பழையது, புதியது. அக்கா பார்ப்பது இதைத்தான். மொழிபெயர்ப்புச் சரங்களுக்குள் எச்டிஎம்எல் டேக்குகள் தாராளமாக இருக்கும்; உரையை ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாக மட்டும் வையுங்கள். நிறங்களைத் தீமின் டிஃப் நிறங்களிலிருந்தே எடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கூட்டல், கழித்தல் குறியும் சேர்த்து வையுங்கள்.

கனமான கணக்கை, பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வொர்க்கருக்குள் ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்டில் மற்ற எக்ஸ்டென்ஷன்களும் ஓடுகின்றன. நீங்கள் இரண்டு விநாடி பிடித்து வைத்தால் அவையும் நிற்கும். பயனர் ரத்து செய்தால் வொர்க்கருக்கு மெசேஜ் அனுப்பிப் பயனில்லை. லூப்புக்குள் மும்முரமாக இருக்கும் வொர்க்கர் அதைப் படிக்காது. ‘டெர்மினேட்’ செய்துவிட்டு, அடுத்த முறை புதிதாக எழுப்புங்கள்.

சோதனை

ஒரு விதி போதும், நூறு உதாரணங்களுக்குச் சமம்: இடது கோப்பின் மேல் திருத்தப் பட்டியலைப் போட்டால் வலது கோப்பு அப்படியே வர வேண்டும். சில எழுத்துகளை மட்டும் வைத்துத் தற்செயல் வரிகளை உருவாக்கி இதை ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். வரிவகைகள் குறைவாக இருந்தால்தான் பொய்யான பொருத்தங்கள் அதிகம் வந்து பிழைகள் மாட்டும். எடிட்டரோடு சேர்ந்த சோதனை லினக்ஸ் சிஐயில் ஓட, மெய்நிகர் திரை தரும் எக்ஸ்விஎஃப்பி வேண்டும்.

ரிலீஸ்

கோடைத் தொகுத்துக் கட்டும் இஎஸ்பில்டில் இரண்டு நுழைவுகள் வையுங்கள்: எக்ஸ்டென்ஷனுக்கு ஒன்று, வொர்க்கருக்கு ஒன்று. ‘விஎஸ்கோட்’ மாட்யூலை வெளியே விடுங்கள். ‘விஎஸ்சிஇ பேக்கேஜ்’ கொடுத்தால் நிறுவத் தயாரான விசிக்ஸ் கோப்பு வரும். அது உண்மையில் ஒரு ஜிப்தான். அதற்கு முன் ‘விஎஸ்சிஇ எல்எஸ்’ ஓட்டி, உள்ளே என்னென்ன போகிறது என்று படித்துப் பாருங்கள். வொர்க்கர் கோப்பு விடுபட்டிருந்தால் உங்கள் கணினியில் ஓடும், மற்றவர் கணினியில் விழும். சோதனைக் கோப்புகள் உள்ளே போனால் அளவு வீங்கும், அவற்றை ‘.விஎஸ்கோட்இக்னோர்’ கோப்பில் தள்ளுங்கள்.

பேக்கேஜ்.ஜேசானில் ‘எஞ்சின்ஸ்’ பகுதியில் நீங்கள் உண்மையில் சோதித்த குறைந்தபட்சப் பதிப்பைப் போடுங்கள். 1.74க்குப் பிறகு, அறிவித்த கமாண்டுகளுக்குத் தனியாக ஆக்டிவேஷன் ஈவென்ட் எழுத வேண்டியதில்லை. ‘எக்ஸ்டென்ஷன்கைண்ட்’ பகுதியில் ‘வொர்க்ஸ்பேஸ்’ முதலில் வரட்டும்; தொலைக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு ஒப்பீடு கோப்புக்குப் பக்கத்திலேயே நடக்கும்.

எல்லோருக்கும் திறந்து விடுவதானால் மார்க்கெட்பிளேஸ் ஒரு பக்கம், எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் இன்னொரு பக்கம். விஎஸ் கோடின் திறமூல வடிவமான விஎஸ்கோடியம் பயன்படுத்துகிறவர்கள் இரண்டாவதிலிருந்துதான் எடுப்பார்கள். அதற்கு ‘ஓவிஎஸ்எக்ஸ்’ கருவியால் அதே விசிக்ஸைப் போடலாம். முன்னோட்டப் பதிப்புக்குத் தனிக் கொடி இருக்கிறது. ஆனால் பதிப்பு எண்ணில் ‘பீட்டா’ என்றெல்லாம் எழுத முடியாது. நடு எண் இரட்டையாக இருந்தால் வெளியீடு, ஒற்றையாக இருந்தால் முன்னோட்டம் என்ற பரிந்துரையைப் பின்பற்றுங்கள்.

குழுவுக்குள் மட்டும் என்றால் விசிக்ஸை உள் சர்வரில் வைத்து, எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் ‘இன்ஸ்டால் ஃப்ரம் விசிக்ஸ்’ கொடுக்கச் சொன்னால் போதும். இப்படி நிறுவியது இயல்பாகத் தானே அப்டேட் ஆகாது. அதனால் வெப்வியூவின் அடியில் பதிப்பு எண்ணைப் பொடி எழுத்தில் காட்டுங்கள். ‘வேலை செய்யலை’ என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். முந்தைய விசிக்ஸ்களையும் அழிக்காமல் வையுங்கள், பின்வாங்க வேண்டி வந்தால் பழையதை மேலே நிறுவினால் முடிந்தது.

கடைசியாக, தனியே வைத்த அந்த மையம். அதற்கு ஒரு சிறிய கமாண்ட் லைன் முகம் எழுதுங்கள். வேறுபாடு இல்லையென்றால் 0, இருந்தால் 1, சிக்கலென்றால் 2 என்று டிஃப்பின் வழக்கத்தையே திருப்பித் தரட்டும். சிஐயில் ‘குறிமுறை மட்டும் மாறிய கமிட்’களை எச்சரிக்க இது உதவும். உரையை என்எஃப்சியாக்கி அச்சிடும் ஒரு விருப்பத்தையும் சேர்த்தால், ஒப்பிடும் முன் கோப்பை ஒரு கட்டளையால் மாற்றித் தரும் கிட்டின் ‘டெக்ஸ்ட்கான்வ்’ வசதியில் அதைக் கோர்த்து, டெர்மினலில் ‘கிட் டிஃப்’ அடித்தாலும் அதே சுத்தமான காட்சி வரும். எந்தக் கோப்புகளுக்கு இது என்று சொல்லும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் வரியை ரெப்போவில் கமிட் செய்யலாம். ஆனால் எந்தக் கட்டளையை ஓட்டுவது என்ற அமைப்பை ஒவ்வொருவரும் தன் கணினியின் கிட் கான்ஃபிகில்தான் போட வேண்டும், ரெப்போ வழியாக அது வராது. அதற்கு ஒரு செட்டப் ஸ்கிரிப்ட் வைத்துவிடுங்கள். டெக்ஸ்ட்கான்வ் வழியாக வரும் டிஃப் படிப்பதற்கு மட்டுமே. அதை எடுத்து பேட்ச்சாகப் போட முயன்றால் பொருந்தாது என்பதையும் ரீட்மீயில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.